பிள்ளைகள் சரி, பங்கு எங்கே?

1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இடிக்கப்பட்டது. பறையர் கிறித்தவர்கள் ஒரு பக்கம், சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியரும் கலப்பினத்தவரும் இன்னொரு பக்கம் என்று பூசை கேட்பதற்காகக் கோயிலுக்குள் கட்டி வைத்திருந்த சுவர் அது. சேரி மக்கள் கூடிப் போய்ப் பெரிய பாதிரியாரிடம் முறையிட்டார்கள். உங்களை நம்பி வந்த எங்களுக்குச் சாமி சந்நிதியில் எதற்கு இந்த வித்தியாசம் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று ஒப்புக்கொண்ட பாதிரியார் சுவரை இடிக்கச் சொன்னார். அவர்களைத் தம் பிள்ளைகள் என்று அழைத்து, மற்றவர்களோடு கலந்து பூசை கேட்கலாம் என்று ஆசீர்வதித்து அனுப்பினார்.

இதை எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேயின் துபாஷ், கிறித்தவர் அல்லாதவர், சேரி மக்கள்மீது எந்தப் பரிவும் இல்லாதவர். அதனாலேயே இந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம். நம்மைப் புகழ வேண்டிய தேவை அவருக்கு இல்லை. சுவரை இடிக்கும் யோசனை ரோமிலிருந்து வரவில்லை, சேரியிலிருந்து வந்தது என்பதை அவர் நாட்குறிப்பே காட்டிக் கொடுக்கிறது. காரைக்காலிலிருந்து வந்திருந்த ஒரு பாதிரியார் மக்களைத் தூண்டிவிட்டார் என்றும் பிள்ளை எழுதுகிறார். தலித்துகள் எதைக் கேட்டாலும் பின்னால் யாரோ தூண்டிவிட்டதாகச் சொல்வது அன்றைக்கே இருந்திருக்கிறது!

அனுமந்தையிலிருந்து அந்தக் கோயிலுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மரக்காணம் உப்பளக் கரையில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு இது பக்கத்து வீட்டு வரலாறு. இங்கே இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களும் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் அடங்கியவைதான். 'பிள்ளைகள்' என்று அந்தப் பாதிரியார் சொன்ன சொல் சும்மா அன்பாகச் சொன்ன சொல் மட்டும் இல்லை. கிறித்தவ இறையியலில் அதற்குச் சட்டத்தின் எடை உண்டு. சம்பா என்பதே புனித பவுலின் பெயர் மருவி வந்தது என்பார்கள். கடவுளின் தத்துப்பிள்ளைகள் என்ற கருத்தைக் கிறித்தவத்துக்குக் கொடுத்தவரும் அந்தப் பவுல்தான்.

புதிய ஏற்பாட்டில் பவுலின் பெயரில் உள்ள கடிதங்களில் ஐந்து இடங்களில் ஹூயோதேசியா என்ற கிரேக்கச் சொல் வருகிறது. ரோமருக்கு எழுதியதில் மூன்று முறை, கலாத்தியருக்கும் எபேசியருக்கும் எழுதியவற்றில் ஒவ்வொரு முறை. 'மகனாக ஏற்றுக்கொள்ளுதல்' என்பது பொருள். யோவான் நற்செய்தி கடவுளிடமிருந்து 'பிறப்பதை'ப் பற்றிப் பேசும். பவுல் தத்தெடுப்பைப் பற்றிப் பேசுகிறார். அவர் காலத்து ரோமச் சமூகத்தில் தத்து என்பது அனாதைக் குழந்தைமேல் இரக்கப்பட்டு வளர்ப்பது அல்ல. வாரிசு வேண்டிய பெரிய குடும்பங்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களையே தத்தெடுத்தன. தத்துப் போனவருக்குப் புதிய தகப்பனின் பெயர் வரும், சொத்தில் உரிமை வரும், பழைய தகப்பனின் அதிகாரம் அவர்மீது செல்லாது. ஜூலியஸ் சீசரின் உயிலால் தத்துப்பிள்ளையான பையன்தான் பிறகு அகஸ்டஸ் பேரரசன் ஆனான். பெயர், வீடு, சொத்து மூன்றும் சேர்ந்தால்தான் அங்கே தத்து. பவுலும் பிள்ளை என்று சொன்ன கையோடு வாரிசு என்றும் சொல்கிறார்; அடிமை என்ற சொல்லுக்கு எதிராக நிறுத்தித்தான் பிள்ளை என்ற சொல்லையே கையாள்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பவுலின் கணக்குப்படி இந்த வீட்டில் சொந்தப் பிள்ளை ஒருவர்தான், அவர் இயேசு. மற்ற எல்லோரும் தத்து வந்தவர்கள். இஸ்ரவேலர்கூட அப்படித்தான் என்று அவரே எழுதுகிறார். அப்படியானால் வெள்ளாளரும் வன்னியரும் உடையாரும் நாடாரும் பறையரும் ஒரே வாசல் வழியாக வந்தவர்கள். பிறப்பு என்ற சான்றிதழைக் காட்டி உள்ளே வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் சாதிக்குப் பிறப்பைத் தவிர வேறு ஆதாரமே கிடையாது. தேவாலயத்துக்குள் என் பிறப்பு உன் பிறப்பைவிட உயர்ந்தது என்று பேசுகிறவர் தான் உள்ளே வந்த வாசலையே மூடுகிறார். இவ்வளவு எளிதான விஷயம் 400 ஆண்டுகளாக நம் பங்குகளில் ஏன் புரியவில்லை?

இதற்கான பதிலில் ஒரு பகுதி மொழியில் இருக்கிறது என்பது என் எண்ணம். புராட்டஸ்டண்டுகள் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம் பவுலின் சொல்லைப் 'புத்திரசுவிகாரம்' என்று பெயர்த்தது. தர்மசாத்திரத்திலிருந்து நீதிமன்றத்துக்கு வந்த சொல் அது. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்திய இந்துச் சட்டத்தில் சுவீகாரத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தத்தெடுப்பவரின் சாதியும் தத்துப்பிள்ளையின் சாதியும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டு வழக்கத்திலும் பங்காளி வீட்டுப் பையனைத்தான் முதலில் தேடுவார்கள். மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்துத்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சொல்லைக் கேட்டவர்களின் காதில் அந்த வழக்கமும் சேர்ந்தே விழுந்திருக்கும். சாதிவிட்டுச் சாதி தத்தெடுப்பதை நினைத்தே பார்க்காத ஊரில், பறையனையும் வெள்ளாளனையும் ஒரே தகப்பன் சுவீகாரம் எடுத்தார் என்ற செய்தி எப்படி இறங்கியிருக்கும்?

(வேடிக்கை என்னவென்றால், தத்துப்பிள்ளைகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட இந்தியக் கிறித்தவர்களுக்குத் தத்தெடுக்கத் தனிச்சட்டமே கிடையாது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும். கிறித்தவர்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் வந்த பிறகுதான் அவர்களாலும் முறையாகத் தத்தெடுக்க முடிந்தது.)

மறைபரப்பாளர்கள் இதில் என்ன செய்தார்கள்? 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி பிராமணச் சந்நியாசி போல வாழ்ந்தார். ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் பழகினால் மேல்சாதியினர் அண்டமாட்டார்கள் என்று, 1640 முதல் அவர்களுக்கென்று 'பண்டாரசாமிகள்' என்ற தனிக் குருக்கள் வந்தார்கள். ஒரே தகப்பனின் பிள்ளைகளுக்கு இரண்டு வகைக் குருக்கள். 1704இல் திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன், புதுச்சேரியில் இருந்தபடியே ஓர் ஆணை பிறப்பித்தார். சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுக்க மறுக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால் நடைமுறை என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744இல் பதினான்காம் பெனடிக்ட் விஷயத்தை முடித்தார். எப்படி? பறையர்களுக்கென்று தனிக் குருக்களை நியமிக்கலாம் என்ற ஏசு சபையினரின் யோசனையை ஏற்றுக்கொண்டு! அடுத்த ஆண்டுதான் புதுச்சேரிச் சேரி மக்கள் சுவரைப் பற்றிக் கேட்டார்கள். சாதிக் கிறித்தவர்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்த்துக் கிளம்பினார்கள். சுவராகவும் கிராதியாகவும் தனி வரிசையாகவும் இந்தப் பிரிவினை தமிழகக் கோயில்களில் அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது.

தரங்கம்பாடி புராட்டஸ்டண்டுகள் மேலானவர்கள் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். தஞ்சைப் பகுதியில் சபையை வளர்த்தவர் இராஜநாயக்கன். படைவீரராக இருந்து உபதேசியானவர், பறையர். 1733இல் ஆரோன் முதல் இந்திய லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கனின் தகுதியை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் அவர் கையால் மற்றச் சாதியார் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற காரணத்தால் அவர் கடைசிவரை குருவாக்கப்படவில்லை. பிள்ளைக்கு வீட்டில் சாப்பாடு உண்டு, பரிமாறும் உரிமை கிடையாது.

வாரிசு என்ற சொல்லை நிலமாகப் புரிந்துகொண்ட சிலரும் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைபற்றி அறிக்கை எழுதினார். எங்கள் மரக்காணம் கரையிலிருந்து வடக்கே போனால் அந்த மாவட்டம்தான். 1843இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தும் பண்ணையடிமைத்தனம் அங்கே அப்படியே இருந்தது. குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம். அதே மாவட்டத்தில் ஊழியம் செய்த வில்லியம் கௌடி, ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் சேரி மக்களுக்கு நிலம் வேண்டும் என்று வாதாடினார்கள். 1892இல் வந்த அரசாணையின் வழியாகத்தான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். நிலத்தைக் கேட்கப் போன இடத்தில் யாரும் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்கவில்லை.

இனி எறையூருக்கு வருகிறேன். தமிழ்க் கத்தோலிக்கரிடம் ஓர் அருமையான சொல் இருக்கிறது. ஒரு குருவின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதியைப் 'பங்கு' என்கிறார்கள். பங்குத்தந்தை, பங்குப்பேரவை, பங்கு மக்கள். வீட்டிலும் வயலிலும் நாம் பேசும் தமிழில் பங்கு என்றால் சொத்தில் வரும் பாகம். எறையூர் தலித் கிறித்தவர்கள் 2008இல் கேட்டது இந்த இரண்டு பொருளிலும் பங்குதான். அன்றைய விழுப்புரம் மாவட்டம், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். எங்களுடைய அதே உயர்மறைமாவட்டம். வன்னியர் கிறித்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள ஊர். தலித்துகளின் சவ ஊர்வலம் கோயிலுக்குப் போகும் முக்கியத் தெரு வழியாகப் போகக் கூடாது. கல்லறைத் தோட்டம் தனி. கோயிலுக்குள் உட்காரும் இடமும் தனி. இதற்குமேல் பொறுக்க முடியாமல்தான் தாங்கள் எழுப்பிய சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கச் சொல்லி உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள்.

மார்ச் 9 அன்று தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. வீடுகள் நொறுக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறித்தவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். தவக்காலத்தில் நடந்தது இது. இரண்டு தரப்பும் ஒரே மாதாவின் பக்தர்கள், ஒரே ஆயரின் கீழ் உள்ளவர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் வீடுகள் எரிந்தபோது அதை எங்கள் கரையில் எல்லோரும் சாதிக் கலவரம் என்று சரியாகவே சொன்னோம். எறையூரை மட்டும் 'பங்குப் பிரச்சினை' என்று மறைமாவட்ட வட்டாரங்களில் மென்று விழுங்கினார்கள். பிரச்சினை உண்மையிலேயே பங்கைப் பற்றியதுதான், அவர்கள் நினைத்த பொருளில் இல்லை.

தனிப் பங்கு கேட்பது பிரிவினை இல்லையா, ஒரே குடும்பத்தில் சேர்ந்திருக்கப் போராடக் கூடாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. சேர்ந்த குடும்பத்தில் தனக்குள்ள பாகத்தைக் கொடுக்காத பங்காளிகளிடம் பாகப்பிரிவினை கேட்பவனைப் பார்த்து நாம் குடும்பத்தை உடைக்கிறான் என்றா சொல்கிறோம்? குடும்பத்தை உடைத்தது பாகத்தை மறைத்தவன். இரண்டாம் யோவான் பவுல், 2003 நவம்பரில் தம்மைச் சந்திக்க வந்த தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இவையெல்லாம் வரவேற்க வேண்டியவைதாம். ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைச் சாதி பிரித்த சுவரைக் கட்டியவர்களும் இதே திருச்சபையின் பிள்ளைகள்.

அரசு இதில் எங்கே நிற்கிறது? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் கிறித்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, மற்ற ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை தனக்கு ஏன் இல்லை என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று 1985 செப்டம்பர் 30 அன்று தள்ளுபடி செய்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே தோலைத் தைத்தவருக்குக் கடை கிடைத்தது. 2024 நவம்பர் 26 அன்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கிலும் அதே நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. ஞானஸ்நானம் பெற்றது அவருக்கு எதிராக நின்றது. சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்பை ஏமாற்றுவது என்றது தீர்ப்பு.

எங்கள் கரையில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ரேஷன் கார்டுப் பெயர் ஒன்று என்று இரண்டு பெயரோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். இது அவர்களின் ஏமாற்று வேலை என்பவர்கள், தத்துப் போன பிள்ளைக்கு இரண்டு வீட்டிலும் சோறு இல்லாமல் போன கதையைப் பார்க்க மறுக்கிறார்கள். நீ வேறு வீட்டுக்குத் தத்துப் போய்விட்டாய், இங்கே உனக்குப் பாத்தியதை இல்லை என்கிறது அரசு. தத்தெடுத்த வீடோ பின்வாசலைக் காட்டுகிறது. 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பிறந்த வீட்டு உறவு அறுந்தாலும், தத்துப் போவதற்கு முன்பே பிள்ளைக்குச் சேர்ந்துவிட்ட சொத்து அவனிடமே இருக்கும் என்கிறது. இட ஒதுக்கீடு இந்து மதம் கொடுத்த சீதனம் இல்லை, தீண்டாமைக்கு அரசு தரவேண்டிய ஈடு. தத்துப் போனதால் தீண்டாமை விலகியிருந்தால் ஈடும் விலகட்டும்.

இந்தத் தத்துப் பேச்சே வேண்டாம் என்ற குரலும் நம்மிடையே உண்டு. 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதர், நாம் யார் வீட்டுக்கும் வந்தேறிகள் இல்லை, பூர்வ பௌத்தர்கள் என்றார். வீடே நம்முடையது என்பது அவர் வாதம். மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை என்று அன்போடு சொல்பவர், கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டுக் கிராமிய மெட்டில் பாட்டுக் கட்டினார். தகப்பனையும் தாயையும் ஒரே சொல்லில் அடக்கியதோடு, தத்து என்ற தூரத்தையும் அந்தக் கூப்பிடல் அழித்துவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே உலையில் சோறு என்பதுதான் அவருக்கு நற்கருணை. பாட்டுக் கட்டவும் சோறு பொங்கவும் எனக்கும் பரட்டையின் சொல்தான் பிடிக்கும். ஆனால் ஆயர் இல்லத்திலும் நீதிமன்றத்திலும் போய் நிற்கும்போது பவுலின் சொல்லை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பெற்ற பாசத்தை நிரூபிக்க முடியாது. தத்து என்பது பத்திரம். அதில் வாரிசு என்று எழுதியிருக்கிறது.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2004 முதல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள், அதன் கெடுவும் நீண்டது. சூசையிடம் கேட்ட ஆதாரத்தை இவர்களும் நம்மிடம்தான் கேட்பார்கள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நிற்கும்போது நாங்கள் சிலர் நோட்டுப் புத்தகத்தோடு ஊர் ஊராகப் போகத் தொடங்கியிருக்கிறோம். சவம் எந்தத் தெரு வழியாகப் போகிறது, தேர் எந்தத் தெருவரை வருகிறது, பங்குப்பேரவையில் காலனிக்காரர் எத்தனை பேர், பூசையில் வாசகம் வாசிப்பவர் யார், இவைதான் கேள்விகள். உங்கள் ஊரில் கோயில் இருந்தால் நீங்களும் எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயரும் பங்கின் பெயரும் கட்டாயம் இருக்கட்டும், சொன்னவர் பெயர் வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருந்தால் அதன் நீளத்தையும் அளந்து எழுதுங்கள்.